ராமேஸ்வரம் போகிறீர்களா? இரண்டு ஊர் முன்னதாக இறங்குங்கள்!

(ராமநாதபுரம் கடற்கரையில் விடுமுறை கழிப்பது பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்)

கே: ராமேஸ்வரத்துக்கு ஒரு நாள் போதும் என்கிறார் என் கணவர். நான்கு நாள் வேண்டும் என்கிறேன் நான். தீர்ப்பு சொல்லுங்கள். — கரூர் வாசகி

நான்கு நாள். வேண்டுதலை நிறைவேற்ற ஒரு நாள் தாராளம். ராத்திரி ரயிலில் போய், விடியற்காலையில் தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, மதியம் ஒரு வேனில் தனுஷ்கோடியை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி ராத்திரி ரயிலைப் பிடித்துவிடலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வந்து போகிறார்கள். ஆனால் அந்த ஒரு நாள் கணக்கில் பாசி எடுக்கும் பெண்கள் வர மாட்டார்கள். கரைவலை, கீழக்கரைப் பள்ளிவாசல், சேதுபதி அரண்மனைச் சுவரோவியம், பூநாரைக் கூட்டம் எதுவுமே வராது. கணவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நான்கு நாளில் ஒரு நாள் முழுக்கத் தென்னை மரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்துக் கிடக்க அவருக்கு அனுமதி உண்டு.

கே: ரூம் எங்கே போடுவது? ராமேஸ்வரத்திலா, ராமநாதபுரத்திலா? — சேலம் வாசகர்

இரண்டும் வேண்டாம், நடுவில் போடுங்கள். ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வரும். உச்சிப்புளி தாண்டிவிட்டால் சாலைக்கு வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடலுக்கும் நடுவே பனையும் தென்னையும் சவுக்கும் மணலும். பிரப்பன்வலசை, அரியமான், வேதாளை, மண்டபம் என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். இங்கே தங்கினால் கிழக்கே கோயிலும் தனுஷ்கோடியும், மேற்கே அரண்மனையும் கீழக்கரையும். எந்தப் பக்கம் கிளம்பினாலும் காலையில் போய் மாலையில் கூடு திரும்பிவிடலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இது கிராமம். நினைத்த நேரத்தில் நினைத்த சாப்பாடு கிடைக்காது. என்ன வேண்டும் என்று முதல் நாள் ராத்திரியே சொல்லி வைத்துவிட வேண்டும். நல்ல தண்ணீருக்கு இங்கே அருமை அதிகம், அதைத் திறந்து விட்டுக்கொண்டு பல் தேய்க்காதீர்கள்.

கே: எந்த மாதம் வரலாம்? — கோவை வாசகி

ஜனவரி முதல் மார்ச் வரை முதல் தரம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, பறவைகளும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கும் புயலுக்கும் உரிய காலம். ஏப்ரல், மே விடுமுறையில்தான் வர முடியும் என்றால் வாருங்கள். ஆனால் காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்குப் பிறகும்தான் வெளியே தலைகாட்ட முடியும்.

இந்தக் கரையில் வேறெங்கும் கிடைக்காத ஒரு வசதி உண்டு. ஒரு கடல் சீறும்போது இன்னொன்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் ஜலசந்தி குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழ். தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். நீங்கள் தங்கும் ஊரில் காலையில் முதல் வேலையாக "இன்னைக்கு எந்தக் காத்து?" என்று கேளுங்கள். அன்றைய திட்டம் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

கே: கடலில் இறங்கிக் குளிக்க எது நல்ல இடம்? — திண்டுக்கல் வாசகர்

அரியமான். வடக்குக் கடல், ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும், கரையில் சவுக்குத் தோப்பின் நிழல் உண்டு. குழந்தைகளை விடலாம். ஆனாலும் கண்ணை எடுக்கக் கூடாது. சொறி மீன் மிதந்து வருகிறதா என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அது பட்டால் தோல் தீயாய் எரியும்.

அரிச்சல்முனையில் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள். இரண்டு கடலும் அங்கே முட்டிக்கொள்கின்றன. மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், நீரோட்டம் காலை வாரி இழுத்துவிடும். போலீஸ்காரர் விசில் ஊதினால் கோபப்படாமல் கரையேறுங்கள். உங்கள் வீட்டாருக்கு அவர் செய்கிற உதவி அது.

கே: புதிய பாம்பன் பாலம் அழகா, பழைய பாலம் அழகா? — விருதுநகர் வாசகர்

மனசைக் கேட்டால் பழையது. மதிப்பெண் போடச் சொன்னால் இரண்டுக்கும் நூறு. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தது பழைய பாலம். 145 கண்கள். நடுவே கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் கை தூக்குவது போல் திறக்கும் ஷெர்ஸர் தூக்கு. அதை மோட்டார் தூக்கவில்லை. ஆட்கள் நின்று கம்பியைத் தள்ளிச் சுற்றிச் சுற்றித்தான் தூக்கினார்கள். 1964 புயல் பாலத்தைக் குலைத்துப் போட்டது. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் பொறுப்பில் 46 நாளில் மறுபடி ரயில் ஓடியது. பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவுக்காக நாடே கொண்டாடியவர் அவர்தான். உப்புக் காற்றில் நூறு வருஷத்துக்கும் மேல் நின்ற அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு கண் அப்படியே நிமிராமல் சாயாமல் லிஃப்ட் போல மேலே ஏறி 17 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

எப்படிப் பார்ப்பது? பக்கத்துச் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி எல்லோரும் இறங்கி நிற்கிறார்கள். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் நெரிசலில் நிற்கும், அதைச் செய்யாதீர்கள். மண்டபத்தில் ரயில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்குங்கள். கதவருகே நிற்காமல் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாலே இரண்டு பக்கமும் வெறும் தண்ணீர்தான் தெரியும். பிறகு பாம்பனுக்குத் திரும்பி வந்து, ஊருக்குள் நடந்து போய்க் கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள்.

கே: செருப்பா, ஷூவா? — ஈரோடு வாசகி

செருப்பு, இரண்டு ஜோடி. அதில் ஒன்று பழசாக இருக்கட்டும். கடலுக்குள் பாறையும் கிளிஞ்சலும் காலைக் கிழிக்கும்.

கே: 22 தீர்த்தத்தில் நனைந்தபடியே தரிசனத்துக்குப் போகலாமா? — நாமக்கல் வாசகர்

கூடாது. முறை இதுதான்: முதலில் கிழக்கே அக்னி தீர்த்தம், அதாவது கடல். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். பிறகு உலர்ந்த துணி மாற்றிக்கொண்டுதான் சன்னதி. ஆகவே மாற்றுத் துணியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். செல்போனை அறையிலேயே வைத்துவிடுங்கள். வாளி வாளியாகத் தலையில் ஊற்றும்போது ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரும் வேறு வேறு ருசியாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறுவதே ஓர் அதிசயம்.

கூட்டம் அலைமோதினாலும் மூன்றாம் பிராகாரத்தை விட்டுவிடாதீர்கள். 1212 தூண்கள். ஒரு மூலையில் நின்று பார்த்தால் தூண்கள் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் ஒரு புள்ளியாகிவிடும். மணல் தீவில் இவ்வளவு கல்லை எங்கிருந்து, எந்தப் படகில் கொண்டுவந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரத்து அரசர் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த வேலை இது.

கே: தனுஷ்கோடியைப் "பேய் நகரம்" என்கிறார்களே, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா? — சென்னை வாசகி

கட்டாயம் கூட்டிப் போங்கள். ஆனால் அந்தப் பெயரை மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அங்கே இன்றைக்கும் மனிதர்கள் வாழ்கிறார்கள். குடிசை போட்டு, மீன் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் காது படவே பேய் ஊர் என்று சொல்லிக்கொண்டு படம் எடுப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சென்னையில் ஏறுகிற போட் மெயில் ரயில் நேரே தனுஷ்கோடித் துறைக்கே வரும். இறங்கினால் கப்பல். கடலைத் தாண்டித் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு அடுத்த ரயில். 1914-இலிருந்து இதுதான் ஏற்பாடாக இருந்தது. சுங்கம், தபால் ஆபீஸ், மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அலைக்குள் போனது. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. பிறகும் மீனவர்கள் திரும்பி வந்தார்கள், மீன் அங்கேதானே இருக்கிறது.

இடிந்த தேவாலயத்துச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். கல்லில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் தெரியும், பவளக்கல் அது. தொட்டுப் பார்க்கலாம், பெயர்த்துப் பார்க்கக் கூடாது. குடிசைகளுக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டி வைத்திருப்பார்கள். கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். ஆனால் குழியில் ஊறுவது நல்ல தண்ணீர். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே தனியாக நிற்கிறது. நிதானமாக மொண்டால் நல்ல தண்ணீர் வரும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். ஒரு கை வாங்கிக் குடித்துப் பார்க்க உங்கள் பிள்ளை ஆசைப்பட்டால் முதலில் அந்த வீட்டுக்காரம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் குடத்தை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதிர்ஷ்டம் இருந்தால் கரைவலை இழுப்பதையும் பார்க்கலாம். வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் இரண்டு கூட்டமாகக் கரையில் நின்று இழுப்பார்கள். இடுப்பில் கயிறு, குதிகால் மணலில் புதைய, பின்னாலேயே நடை. வலையின் மடி கரைக்கு வர மணிக்கணக்காகும். வந்தால் சில நாள் கூடை நிறையும், சில நாள் பாசியும் பிளாஸ்டிக்கும்தான். இருட்டுவதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் சூரிய அஸ்தமனத்துக்கு என்று போகாமல் காலையிலேயே போங்கள்.

கே: தனுஷ்கோடிக்குச் சொந்த வண்டி வேண்டுமா? — தேனி வாசகர்

வேண்டாம். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தாகிவிட்டது. ராமேஸ்வரத்திலிருந்து அரசுப் பேருந்தே போகிறது.

கே: பாம்பன் பக்கம் பெண்கள் சேலையோடு கடலுக்குள் மூழ்கி எதையோ எடுப்பதைப் படத்தில் பார்த்தேன். முத்தா? — தஞ்சாவூர் வாசகி

பாசி. முத்து எடுத்த காலம் போய்விட்டது. இது இன்றைக்கும் பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிற வேலை. சேலைக்கு மேல் ஒரு சட்டை, கண்ணில் முகக்கண்ணாடி, விரல்களில் துணிக் கீற்றுச் சுற்றல், காலில் ரப்பர் செருப்பு. ஆக்சிஜன் குழாய் எதுவும் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய பையில் திணித்துக்கொண்டு மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி உள்ளே. மணிக்கணக்காக இதே வேலை. துணி சுற்றியும் விரல் நுனிகள் அறுபட்டுக் காய்ப்பேறிப் போயிருக்கும்.

அவர்கள் எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் கிடைக்கிறது. கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் இருப்பதற்கும், பரிசோதனைக்கூடத்தில் கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கும், துணிக்குச் சாயம் அச்சிடுவதற்கும் இவை வேண்டும். நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் ஊர்ப் பெண்ணின் விரல்களுக்கும் இப்படி ஒரு தொடர்பு.

இன்னொரு செய்தி, எனக்கு மிகவும் பிடித்தது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்த இடத்துக்கே போனால் குற்றம் என்று ஆனது. இந்தப் பெண்கள் சங்கமாகக் கூடி, அதிகாரிகளோடு பேசி, தாங்களே ஒரு கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் எடுக்காமல் விடுவது. இதற்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலத்துப் பெண்மணிக்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. அதை வாங்க அவர் அமெரிக்காவுக்கே போனார். கடலைப் பாதுகாப்பது எப்படி என்று பாடம் கேட்க வேண்டுமென்றால் நான் முதலில் இவர்களிடம்தான் கேட்பேன்.

நேரில் பார்க்கப் போனால் ஒரு வேண்டுகோள். அது அவர்கள் வேலை செய்கிற இடம். நனைந்த சேலையோடு கரையேறும்போது கேமராவை நீட்டாதீர்கள். கரையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது பேச்சுக் கொடுங்கள், அவர்களே நிறையச் சொல்வார்கள். ரேடியோ இருந்தால் பாம்பனிலிருந்து வரும் கடலோசை 90.4-ஐத் திருப்பி வையுங்கள். மீனவர்களுக்காகவே நடக்கிற சமுதாய வானொலி அது.

கே: அந்த 21 தீவில் ஏதாவது ஒன்றில் இறங்க முடியுமா? — புதுச்சேரி வாசகர்

வனத்துறை படகில் போனால் முடியும். பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு அழைத்துப் போகிறார்கள். விலங்கியல் படித்தவர்களுக்கு பாலனோகிளாஸஸ் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். முதுகெலும்பு உள்ள உயிர்களுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவே வைத்துப் படித்தோமே, அந்தப் புழு வாழ்கிற தீவு இது. காற்று பலமாக இருந்தால் படகு கிடையாது. அன்றைக்கு வற்புறுத்தாமல் குந்துகாலிலேயே விவேகானந்தர் நினைவிடத்தைப் பாருங்கள். மேல்நாட்டுப் பயணம் முடித்து 1897 ஜனவரி 26-இல் அவர் வந்து இறங்கியது பாம்பனில்தான். வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி.

பிச்சைமூப்பன்வலசையிலிருந்தும் படகுச் சவாரி உண்டு. கடல் நடுவே மணல் திட்டில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடக்கலாம். சதுப்புநிலக் காட்டுக்குள் போக ஆசையா? தொண்டி பக்கம் காரங்காடு. தனியார் மீன்பிடிப் படகைப் பேசிக்கொண்டு தீவுக்குப் போய்விடாதீர்கள். பிடிபட்டால் உங்களைவிடப் படகுக்காரருக்குத்தான் நஷ்டம்.

21 என்பது பழைய கணக்கு. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் தீவு கரைந்தது. இப்போது வெட்டுவது நின்றுவிட்டது. கடல் சூடாவதுதான் புது ஆபத்து. 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெப்பம் ஏறிப் பவளங்கள் வெளுத்தன. படகில் போகும்போது காலால் பவளத்தை மிதிக்கக் கூடாது என்று காவலர் சொல்வது இதனால்தான்.

கே: மிதக்கும் கல், பவளக் கல், கடல்குதிரை எல்லாம் விற்பார்களாமே. எது வாங்கலாம்? — திருப்பூர் வாசகி

மூன்றையும் விட்டுவிடுங்கள். பவளம், கடல்குதிரை, கடல் விசிறி, கடலட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு நிகரான பட்டியலில் இருப்பவை. விற்பதும் குற்றம், வாங்கி வைத்திருப்பதும் குற்றம்.

கே: மீன் எப்போது, எங்கே நன்றாக இருக்கும்? — மதுரை வாசகர்

படகு கரை சேர்ந்த அன்று. இங்கே விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று நெடுநாளைய ஏற்பாடு ஒன்று உண்டு. நாட்டுப்படகு வருகிற காலையில் கரைக்குப் போனால் நகரை, விளமீன், முரல், பாறை, நண்டு, கணவாய் எல்லாம் துள்ளத் துள்ளக் கிடைக்கும். தங்குகிற வீட்டில் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். மசாலாவை அவர்கள் கைக்கே விடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாத காலம். அந்த 61 நாளில் வந்தால் நாட்டுப்படகு மீன்தான், விலை கூடுதலாக இருக்கும். பேரம் பேசாதீர்கள்.

கே: மீனவர் கைது, படகு பறிமுதல் என்று அடிக்கடி படிக்கிறோம். அங்கே வருவது பாதுகாப்பா? — பெங்களூரு வாசகர்

உங்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. ஆபத்து கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான். 1974-இலும் 1976-இலும் போட்ட ஒப்பந்தங்களில் எல்லைக்கோடு வரைந்தார்கள். அக்கரையில் இருப்பதும் தமிழ் பேசுகிற மீனவர்கள்தான். போரால் வருஷக்கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் இருந்து, இப்போது வலையை இழந்து அழுகிறார்கள். இரண்டு பக்கத்து வயிற்றுப்பாடும் உண்மை. துறைமுகத்தில் நின்று "ஏன் அந்தப் பக்கம் போறீங்க?" என்று விசாரணை நடத்தாதீர்கள். நீங்கள் கேட்கிற ஆளின் அண்ணனே அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்கலாம்.

கே: கச்சத்தீவுக்குப் போக முடியுமா? — நாகர்கோவில் வாசகர்

ஆண்டுக்கு ஒரு முறை, அந்தோனியார் திருவிழாவுக்கு, முன்பதிவு செய்துகொண்டு. மற்ற நாளில் முடியாது.

கே: எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. குடும்பத்தார் அலையில் ஆடும்போது நான் என்ன செய்வது? — திருச்சி வாசகர்

ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுங்கள். கிழவன் சேதுபதி காலத்து ராமலிங்க விலாசம் அரண்மனை இருக்கிறது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அதன் உட்சுவர், விதானம் எங்கும் ஓவியங்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டியவை. ராமாயணம், பாகவதம் ஒரு பக்கம். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் இன்னொரு பக்கம். நடுவே சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கும் காட்சி, அந்தப்புரத்தில் பெண்களோடு பொழுதுபோக்கும் காட்சி. தொப்பிக்காரர்களின் உடுப்பை நம் ஓவியர் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் பாருங்கள். சுவரில் கை வைக்காதீர்கள். ஏற்கெனவே பல இடத்தில் நிறம் உதிர்ந்துவிட்டது.

ஊருக்குப் பக்கத்திலேயே சக்கரக்கோட்டை கண்மாய். குளிர்கால மாதங்களில் பறவைகள் நிறைந்திருக்கும். அதுவும் இதே மாவட்டத்துத் தேர்த்தங்கலும் 2025-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லேயே ஏறிவிட்டன. மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்கள். மழைத் தண்ணீரைக் கண்மாய் கண்மாயாகத் தேக்கிப் பிழைத்த மண் இது. அந்தக் கண்மாய்களைத் தேடித்தான் கண்டம் தாண்டிப் பறவைகள் வருகின்றன.

கே: பூநாரை எங்கே பார்க்கலாம்? — ஓசூர் வாசகி

தனுஷ்கோடிச் சாலையில், முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் வடக்கே உள்ள ஆழமில்லாத நீர்ப்பரப்பில். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வாய்ப்பு அதிகம். 2025 ஜூனில் இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. பைனாகுலர் கொண்டு வாருங்கள். கிட்டே நடந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். அதே மாதங்களில் பங்குனி ஆமை முட்டையிட வரும். முட்டைகளை வனத்துறை பொறிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அந்த நாள் உங்களுக்கு வாய்த்தால் மற்ற திட்டத்தை எல்லாம் ஒத்தி வையுங்கள்.

கே: மேற்குப் பக்கம் ஒரு நாள் சுற்றினால் எதையெல்லாம் பார்க்கலாம்? — கடலூர் வாசகர்

காலையில் உத்திரகோசமங்கை. மரகத நடராசரை வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் பார்க்க முடியும். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பைக் களைவார்கள். அடுத்து திருப்புல்லாணி. தர்ப்பைப் புல்லின் மேல் ராமர் படுத்திருக்கும் கோலம். அங்கிருந்து கீழக்கரை. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லும் ஜும்மா பள்ளிவாசலின் தூண்களைப் பாருங்கள். கோயில் மண்டபத்துத் தூண் செதுக்கிய அதே கைகள், உருவங்களை விட்டுவிட்டுப் பூவும் கொடியுமாகச் செதுக்கியிருக்கின்றன. பக்கத்தில்தான் வள்ளல் சீதக்காதி அடங்கியிருக்கிறார். கிழவன் சேதுபதிக்கு உற்ற ஆலோசகர், உமறுப்புலவரை ஆதரித்தவர். ஒரே அரசரின் காலத்தில் கோயில் திருப்பணியும் பள்ளிவாசலும் சேர்ந்து வளர்ந்த ஊர்கள் இவை. தொழுகை நேரத்தைத் தவிர்த்து, அனுமதி கேட்டு, அடக்கமான உடையில் போங்கள். மாலையில் ஏர்வாடி தர்கா.

வடக்கே தேவிபட்டினம் நவபாஷாணமும், பாதிரியார் அருளானந்தர் 1693-இல் உயிர்விட்ட ஓரியூரும் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னொரு நாள் வேண்டும்.

கே: மகளுக்குப் பதினாறு வயது. கோயில் வேண்டாம், சாகசம் வேண்டும் என்கிறாள். — வேலூர் வாசகி

அவளைப் பிரப்பன்வலசைக் கரையில் விடுங்கள். கயாக் துடுப்புப் போடவும், நின்றபடி பலகை ஓட்டவும், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கவும் அந்தப் பக்கம் கற்றுத் தருகிறார்கள். தென்காற்றுக் காலத்திலும் வாடைக் காலத்திலும் காற்று தவறாது என்பதால் பட்டச் சறுக்குக்கு இது பேர்போன கரை. பயிற்சியாளர் சான்றிதழ் பெற்றவரா, மிதவைச் சட்டை தருகிறாரா என்று இரண்டையும் கேட்டுவிட்டு விடுங்கள். மாலையில் ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் பிறந்து வளர்ந்த வீட்டைக் காட்டுங்கள். இதே தீவில் பேப்பர் போட்ட பையன் ராக்கெட் விட்டார் என்பதை அவள் சாகசக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

கே: ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்? — அரியலூர் வாசகி

குண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காரத்தோடு மணமும் உண்டு, வற்றல் குழம்பில் இரண்டு கிள்ளிப் போட்டுப் பாருங்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி. உடைத்தால் உள்ளே கருமை மங்கலாக இருக்க வேண்டும், பளபளவென்று மின்னினால் சீனி கலந்திருக்கலாம். கீழக்கரைத் தொதல், தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் கிண்டிக் கிண்டி எடுத்தது, ஒரு வாரம் தாங்கும். கருவாடு வாங்கினால் மணல் ஒட்டாமல் மேடையில் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, மூன்று அடுக்குக் கட்டச் சொல்லுங்கள். ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரரும் மனிதர்தானே.

வீட்டில் ஒரு முழம் மண் இருந்தால் தங்கச்சிமடத்தில் இறங்கி மல்லிகை நாற்று வாங்குங்கள். மதுரை மல்லி என்று ஊரெல்லாம் மணக்கிறதே, அதன் நாற்றுகள் பெரும்பாலும் இந்தத் தீவு மணலில் பதியன் போட்டுப் போனவைதான். வேரை ஈரத் துணியில் சுற்றி, பையின் வாயைத் திறந்தே வையுங்கள். வீட்டுக்குப் போன அன்று மாலையே நட்டுவிடுங்கள்.